குவாரானி–ஸ்பானிஷ் பிரிவுப் பாடல்களைக் கேட்டுப் புரிந்துகொள்வது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

தென் அமெரிக்க நாடான பராகுவேயின் பிரிவுப் பாடல்களில் பாடுகிறவன் தன் மனநிலையை விவரிக்க அதிகம் மெனக்கெடுவதில்லை. எங்கிருந்து வருகிறான், யார் வாசலில் நிற்கிறான், அவள் இப்போது எந்தத் திசையில் இருக்கிறாள் என்பதைத்தான் பாடுகிறான். அந்த இடக்கணக்கைப் பிடித்துவிட்டால் அவனுடைய துக்கமும் அதில் அவன் தன்னைப் பற்றித் தெரிந்துகொண்டதும் தாமாகவே வெளிப்பட்டுவிடும். மொழி தெரியாதவர்கள் இணையத்தில் கிடைக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பை ஒருமுறை வாசித்துவிட்டு, "ஏரி, நிலா, அழுகை, வழக்கமான காதல் பாட்டு" என்று நகர்ந்துவிடுகிறார்கள். அப்படி நகராமல் இருக்கத்தான் இந்த வழிகாட்டி. ஸ்பானிஷ் கொஞ்சம் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் பாதகமில்லை. குவாரானி அறவே தெரியாது என்றே வைத்துக்கொண்டு தொடங்கலாம்.

பின்னணி சுருக்கமாக. குவாரானி அந்த மண்ணின் பூர்வகுடி மொழி. ஆனால் பராகுவேயில் பூர்வகுடி அல்லாத பெரும்பான்மை மக்களும் அதை வீட்டிலும் சந்தையிலும் பேசுகிறார்கள். அமெரிக்கக் கண்டங்களில் இது அபூர்வம். 1992 அரசியல் சட்டம் அதை ஸ்பானிஷுக்கு இணையான ஆட்சிமொழி ஆக்கியது. அதற்கு முன்பு பள்ளிக்கூடத்தில் குவாரானி பேசிய பிள்ளைகள் தண்டனை வாங்கினார்கள். இரண்டையும் கலந்து பேசுவதற்கு ஜொபாரா என்று பெயர். பாடல்கள் மூன்று வகையிலும் உண்டு: முழு ஸ்பானிஷ், முழு குவாரானி, ஜொபாரா.

முதல் படி: சொல்லை விட்டுவிட்டுத் தாளத்தைப் பிடியுங்கள்

தலைநகர் ஆசுன்சியோனின் போலீஸ் பேண்டில் இசை கற்ற ஹோசே அசுன்சியோன் ஃப்ளோரெஸ் என்ற இளைஞர், 1925-இல் ரொஹேலியோ ரெகால்தேயின் ஒரு துள்ளலான போல்காவை (பராகுவேயின் ஆட்ட இசை) எடுத்து வேகத்தைக் குறைத்து வாசித்துப் பார்த்தார். அந்தப் போல்காவின் பெயர் 'மஎராபா ரெய்குஆசே'. "எதுக்குத் தெரிஞ்சிக்கணும் உனக்கு?" என்று பொருள். அந்தப் பரிசோதனையிலிருந்து பிறந்ததுதான் குவாரானியா என்ற இசைவகை. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. சேர்த்த கூட்டம் ஆசுன்சியோனிலேயே நடந்தது.

ஆக முதல் வேலை இது: ஒரு பாட்டு போல்காவா குவாரானியாவா என்று பிரித்தறியுங்கள். இரண்டுக்கும் ஆறு-எட்டுத் தாளம்தான். மேலே மெட்டு இரண்டிரண்டாக நடக்க, கீழே பேஸ் மூன்று மூன்றாக நடக்கும். போல்காவில் இந்த இழுபறி ஆட வைக்கும். அதையே மெதுவாக்கினால் பாடகர் எப்போதும் அரை அடி பின்தங்கி வருவதுபோல் கேட்கும். ஏக்கத்தைச் சொல்ல இதைவிடத் தோதான நடை வேண்டியதில்லை. துள்ளலான போல்காவில் பிரிவைப் பாடினால், அங்கே பெரும்பாலும் கிண்டலோ வீம்போ ஒளிந்திருக்கும். வரிகளை அந்தக் காதோடு கேளுங்கள்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. 'புராஹேய் ஜஹெஓ', அழுகைப் பாட்டு. இரண்டு குரல்கள் ஒட்டி ஒட்டி, தொண்டையிலிருந்து விம்மிப் பாடுவது. நகரத்துக் காதுகளுக்கு இது கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும். முதல் நாளே இதில் இறங்க வேண்டாம்.

இரண்டாம் படி: ஒலியும் எழுத்துக்கூட்டும்

இதில் நமக்கு ஒரு சலுகை இருக்கிறது. குவாரானியில் ஆங்கிலத்தின் 'ஒய்' எழுத்தால் எழுதப்படும் ஓர் உயிரொலி ஸ்பானிஷ்காரர்களைத் திணறடிக்கும். நாம் 'காடு', 'பாட்டு' என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் வரும் குற்றியலுகரம் அதற்கு மிக நெருங்கிய ஒலி. அதைத் தனியே, அழுத்தமாகச் சொல்லிப் பழகினால் போதும். அந்த ஒற்றை ஒலிக்கே தண்ணீர் என்று பொருள்.

மற்றபடி கவனிக்க வேண்டியவை: மூக்கொலி உயிர்கள் (எழுத்தின் மேல் ஓர் அலைக்கோடு இருக்கும்), சொல்லின் நடுவே குரலை வெட்டி நிறுத்தும் சின்னத் தடை, பெரும்பாலும் கடைசி அசையில் விழும் அழுத்தம்.

பாடல்வரிகளைத் தேடும்போது பழைய எழுத்துக்கூட்டு, புதிய எழுத்துக்கூட்டு இரண்டிலும் தேடுங்கள். பழைய இசைத்தட்டு உறைகள் குவாரானியை ஸ்பானிஷ் முறையில் எழுதின. இப்போதைய முறை வேறு. 'குஞதாயீ' (இளம்பெண்) என்ற ஒரே சொல் இரண்டு விதமாகவும் கிடைக்கும்.

மூன்றாம் படி: யார் யாரிடம் பேசுகிறார்?

'ஷெ' என்றால் நான், என். 'ந்தெ' அல்லது 'நெ' என்றால் நீ, உன். இந்த இரண்டையும் காது பிடித்துவிட்டால் பாட்டில் பாதி வழி வந்தாயிற்று.

அடுத்தது 'ஞாந்தெ', 'ஓரெ'. நாம், நாங்கள். ஸ்பானிஷுக்கும் ஆங்கிலத்துக்கும் இந்த வித்தியாசம் கிடையாது, மொழிபெயர்ப்பில் தொலைந்துபோகும். தமிழ் வாசகருக்கு விளக்கவே தேவையில்லை. பிரிந்துபோனவளிடம் நேரில் பேசுகிறவன் 'ஞாந்தெ' என்பான். அவளை விட்டுவிட்டு ஊராரிடம் கதை சொல்லத் திரும்பிவிட்டவன் 'ஓரெ' என்பான். ஒரு பாட்டின் நடுவே இது மாறினால், அந்த இடத்தில் ஏதோ முடிந்துவிட்டது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, 'ரோ' என்ற முன்னொட்டு. "நான் உன்னை" என்ற இரண்டும் இந்த ஓரசைக்குள் அடங்கிவிடும். 'ரோஹய்ஹு', உன்னை நேசிக்கிறேன். 'ரோஹெஷகாஉ', உன்னைக் காணாமல் ஏங்குகிறேன். இதே 'ரோ' வேறு வினைகளின் முன் "நாங்கள்" என்றும் வரும், சூழலைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

மறுப்புக்கு வினையின் முன்னும் பின்னும் இரண்டு துண்டு வேண்டும். 'ந்தோரோஹய்ஹூய்', உன்னை நேசிக்கவில்லை. 'ந்தோரோஹய்ஹுவேய்மா', இனிமேல் நேசிக்கவில்லை, அது முடிந்தாயிற்று. இந்த நீளச் சொல்லின் கடைசி 'மா' காதில் விழும்வரை ஆள் என்ன சொல்லப்போகிறான் என்று காத்திருக்க வேண்டும்.

நான்காம் படி: பெயர்ச்சொல்லுக்கும் காலம் உண்டு

என் கணக்கில் இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். அவசரப்படாமல் வாசியுங்கள்.

குவாரானியில் வினைக்கு மட்டுமல்ல, பெயருக்கும் காலம் ஒட்டும். 'கூஎ' ஒட்டினால் அது முன்பு இருந்து இப்போது இல்லாதது. 'ரா' ஒட்டினால் இனி ஆகப்போவது. 'மேனா' என்றால் கணவன். 'ஷெ மேனாரா', எனக்குக் கணவனாகப் போகிறவன். இரண்டையும் சேர்த்து 'ஷெ மேனாராங்குஎ' என்றால், எனக்குக் கணவனாக வேண்டியிருந்து ஆகாமலே போனவன். நிச்சயம் வரை வந்து நின்றுபோன ஒரு கல்யாணத்தின் முழுக் கதையும் ஒரே சொல்லில். நாம் இதைச் சொல்ல ஒரு வாக்கியம் எடுத்துக்கொள்கிறோம், அவர்கள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

பாட்டில் இதை எப்படிப் பார்ப்பது? 'பனம்பி வெரா' (மினுங்கும் வண்ணத்துப்பூச்சி) என்ற குவாரானியாவை எடுங்கள். இசை ஃப்ளோரெஸ், வரிகள் மனுவேல் ஒர்திஸ் கெர்ரேரோ. தொடக்கத்தில் வண்ணத்துப்பூச்சி கவிஞனின் பாதையில் ஆடிக்கொண்டு வருகிறது. எந்தப் பாதை? 'ஷெ ரபெராமெ'. 'ரபெ' என்றால் பாதை, நடுவில் ஒட்டியிருப்பது 'ரா'. அவன் இன்னும் நடக்காத, இனி நடக்கவேண்டிய பாதை அது. அடுத்த மூச்சிலேயே, உன் சிறகின் நிழலில் என்னைப் புதைத்தால் தேவலை என்கிறான். வரப்போகும் பாதையைச் சொன்ன கையோடு புதைகுழியைச் சொல்கிறான்.

இந்த இடத்தில் கவிஞரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது தவறில்லை. வில்யாரிகா பக்கத்துக்காரரான ஒர்திஸ் கெர்ரேரோவுக்குத் தொழுநோய். ஆட்களை விட்டு ஒதுங்கியே வாழ்ந்து 1933-இல் இறந்தார். துணையாகக் கடைசிவரை உடனிருந்தவர் தல்மாசியா. "பாடலாசிரியரின் வாழ்க்கையைப் பாட்டுக்குள் திணிக்காதே" என்று இலக்கிய ஆசிரியர்கள் சொல்வார்கள். பொதுவாக நானும் அந்தக் கட்சிதான். ஆனால் மனிதர்கள் அருகே வர அஞ்சிய ஒருவன், வழியில் ஆடிவந்த பூச்சியின் சிறகு நிழலைக் கேட்கிறான் என்பதைத் தெரிந்துகொண்டு கேட்டால் இந்த வரி வேறு கனத்தில் இறங்குகிறது. அதை மறைத்துவைக்க வேண்டியதில்லை.

பயிற்சி: கையில் கிடைக்கும் எந்தக் குவாரானி வரியிலும் 'கூஎ', 'ங்குஎ', 'ரா' மூன்றையும் மட்டும் வட்டமிடுங்கள். பொருள் புரியாவிட்டாலும் பரவாயில்லை. எது போனது, எது வரக் காத்திருக்கிறது, எது வராமலே போனது என்ற வரைபடம் கிடைத்துவிடும்.

ஐந்தாம் படி: ஒரு சரணத்தைப் பிரித்துப் பார்த்தல்

இதே இருவர் சேர்ந்து செய்த 'நெ ரெந்தாபெ அஜு' என்ற பாட்டின் முதல் வரிகளை எடுத்துக்கொள்வோம்.

"மொம்புரு அசுஎதேகுய் அஜு நெ ரெந்தாபெ, ரோமொமொராசேகுய்."

மொம்புரு, தொலைவு. அசு, வலி. எதெ, மிக. குய், இருந்து. அஜு, வருகிறேன். நெ ரெந்தாபெ, உன் இடத்துக்கு. அடுத்த நீளச்சொல்: ரோ (நான் உன்னை), மொமொரா (போற்று), சே (ஆசை), குய் (ஆகையால்). தூரத்தையும் வலியையும் கவிஞர் உவமையாகச் சேர்க்கவில்லை. அன்றாடக் குவாரானியிலேயே 'அசு' என்ற வலி, "ரொம்ப" என்று அழுத்திச் சொல்வதற்கும் வந்துவிடும். அதனால் 'ரொம்பத் தூரம்' என்றும் 'வலிக்கிற தூரம்' என்றும் வரி ஒரே சமயத்தில் கேட்கிறது.

தொடரும் வரியில், வெகு காலமாகவே நீ 'ஷெ புஆபெ' குடியிருக்கிறாய் என்கிறார். 'புஆ' என்பது வயிறு, உள். குவாரானியில் உணர்ச்சி குடியிருக்கும் இடம் அதுதான். பெரும்பாலான மொழிபெயர்ப்புகள் இங்கே இதயத்தைக் கொண்டுவந்து வைக்கின்றன. நமக்கு அந்த அவசியமே இல்லை. 'பெத்த வயிறு பத்தி எரியுது' என்று சொல்லும் மொழியில் வயிறு வயிறாகவே இருக்கலாம்.

சரணத்தை மூடும் சொல் 'ஷெ எஸ்பெரான்சாமி'. சுத்தக் குவாரானியாக ஓடிவந்த வரியில் 'எஸ்பெரான்சா' என்ற ஸ்பானிஷ் சொல், நம்பிக்கை. அதன் வாலில் 'மி' என்ற குவாரானிச் செல்லம். அந்நியச் சொல்லைக் கூப்பிட்டு, தலையைத் தடவி, வீட்டுப் பிள்ளையாக்கிக்கொள்வது. தமிழில் நான் இப்படிச் சொல்வேன்:

வலிக்கிற தூரத்திலிருந்து உன்னிடத்துக்கு வந்திருக்கிறேன், உன்னைப் போற்றிப் பாடும் ஆசையில். எத்தனை காலமாய் என் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறாய், என் குட்டி நம்பிக்கையே.

இதே ஒர்திஸ் கெர்ரேரோ ஸ்பானிஷில் எழுதிய 'இந்தியா' (பூர்வகுடிப் பெண்) பாட்டை உடனே பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். அங்கே அவர் ஒரு பூர்வகுடிப் பெண்ணை தேவதையும் சிறுத்தையும் கலந்தவள் என்று தூர நின்று வருணிக்கிறார். மெட்டு அபாரம். வரிகள் எனக்குக் கொஞ்சம் சிலைக்கு மாலை போடுவதுபோல்தான் படுகின்றன. 1944-இல் அது தேசியப் பாடலாக அறிவிக்கப்பட்டது, மேடைக்கு ஏற்ற பாட்டுதான். ஆனால் மனிதர் மனம் திறப்பது குவாரானியில்.

ஆறாம் படி: எந்த மொழி எதைச் சுமக்கிறது?

கலப்புப் பாடல்களில் இரண்டு நிற மை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பானிஷுக்கு ஒன்று, குவாரானிக்கு ஒன்று. வரிகளை எழுதிவிட்டு, நிறம் மாறும் இடங்களைப் பாருங்கள்.

உலகம் முழுக்கத் தெரிந்த 'ரெகுவெர்தோஸ் தெ இபகராயி' (இபகராயி நினைவுகள்) இதற்கு நல்ல பாடம். இசை தெமெத்ரியோ ஒர்திஸ், வரிகள் அர்ஜென்டினாக்காரரான சுலேமா தெ மிர்கின். பிரேசிலின் கயேத்தானோ வெலோசோகூட 1994-இல் இதைப் பதிவு செய்திருக்கிறார். கதை எளிது: வெதுவெதுப்பான ஓர் இரவு, நீல ஏரிக்கரை, அவள் போகிற வழியில் சோகமாகப் பழைய பாட்டுகளைக் குவாரானியில் பாடிக்கொண்டு போகிறாள். பிறகு அவள் இல்லை. எங்கே இருக்கிறாய் என்று அவன் கேட்கிறான், அவள் பாட்டு வந்து சேரவில்லை.

நிறம் தீட்டிப் பாருங்கள். பாட்டு முழுக்க ஸ்பானிஷ் மை. குவாரானி மை விழுவது ஏரியின் பெயரிலும், அவளைக் கூப்பிடும் 'குஞதாயீ' என்ற விளியிலும்தான். அவள் குவாரானியில் பாடினாள் என்று சொல்கிறவன், என்ன பாடினாள் என்று ஒரு வரிகூடச் சொல்வதில்லை. அவன் தொலைத்தது அவளை மட்டுமா, அவள் பாடிய மொழியையுமா? நான் இரண்டையும் என்றுதான் கேட்கிறேன். எதிர்த்து வாதிட இடமுண்டு, வெளியூர்க் கவிஞருக்குத் தெரிந்த குவாரானி அவ்வளவுதான் என்றும் சொல்லலாம்.

(அந்த ஏரி ஆரெகுவா, சான் பெர்னார்தீனோ ஊர்களின் பக்கம் இப்போதும் இருக்கிறது. ஆனால் நுண்பாசி பெருகி, சில பருவங்களில் பச்சைக் குழம்பாகிவிடுகிறது. நீலத்தை நம்பிப் போகாதீர்கள்.)

ஏழாம் படி: 'நீ' எப்போதும் பெண்தானா என்று சந்தேகப்படுங்கள்

1947 உள்நாட்டுப் போருக்குப் பிறகும், 1954 முதல் 1989 வரை நீடித்த ஸ்த்ரோஸ்னர் சர்வாதிகாரத்திலும் ஏராளமான பராகுவேக்காரர்கள் அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனோஸ் ஐரெஸ் போய்ச் சேர்ந்தார்கள். பாட்டுக்காரர்களில் கணிசமான பேர் அங்கேதான் இருந்தார்கள். கம்யூனிஸ்டான ஃப்ளோரெஸ் நாடு திரும்ப முடியாமலே 1972-இல் அங்கே இறந்தார். சர்வாதிகாரி விழுந்த பிறகு, 1991-இல்தான் அவர் எச்சங்கள் ஊர் வந்தன.

ஆகவே பிரிந்தவளைப் பற்றிய பாட்டில் ஆறு, மலை, கிராமத்துப் பாதை என்று அளவுக்கு மீறி விவரம் வந்தால் நிதானியுங்கள். பிரிந்தது ஊராக இருக்கலாம். அங்கே 'ஷெ வால்யெ' என்றால் என் பள்ளத்தாக்கு என்று அகராதி சொல்லும். பராகுவேக்காரருக்கு அது 'எங்க ஊரு'. அதற்காக எல்லாக் காதல் பாட்டையும் தேசபக்திப் பாட்டாக்கிவிடவும் வேண்டாம். அந்த வேலையைச் செய்ய அங்கே அரசாங்க விழா மேடைகள் இருக்கின்றன.

எட்டாம் படி: தன்னைக் கண்டுகொள்ளும் இடத்தைத் தேடுங்கள்

பிரிவுப் பாட்டில் பாடுகிறவன் தன்னைப் பற்றி ஏதாவது புதிதாகத் தெரிந்துகொள்கிறானா, இல்லை அழுதுவிட்டுப் போகிறானா? இதற்கு எல்லை தாண்டி அர்ஜென்டினாவின் கொர்ரியெந்தெஸ் மாகாணத்துக்குப் போக வேண்டும். அங்கும் குவாரானி வாழ்கிறது, அங்கத்திய இசைவகைக்கு 'சமமே' என்று பெயர். 2020-இல் அதுவும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதன் பெரிய பெயர் பந்தோனியோன் (அக்கார்டியன் போன்ற துருத்தி வாத்தியம்) கலைஞர் த்ரான்சிதோ கொகொமரோலா. அவர் இறந்த செப்டம்பர் 19-ஐத்தான் அர்ஜென்டினா சமமே தினமாகக் கொண்டாடுகிறது.

அவர் மெட்டுக்கு கொன்ஸ்தாந்தெ அகேர் வரிகள் எழுதிய 'கிலோமெத்ரோ ஓன்செ' (பதினோராம் கிலோமீட்டர்) முழு ஸ்பானிஷ். மறுபடி இங்கே வந்திருக்கிறேன், உன் அன்பை இரந்து கேட்க, என்று ஆரம்பம். 'நெ ரெந்தாபெ அஜு' போலவே இதுவும் 'வருகிறேன்' என்ற வினையோடுதான் வாசலில் வந்து நிற்கிறது. ஆனால் இவன் அதற்கு மேல் ஓர் அடி வைக்கிறான்: நான் பட்டதற்கெல்லாம் குற்றவாளி நான் ஒருத்தன்தான் என்கிறான். பிறகு, உன் அன்பில்லாமல் எனக்கு வாழத் தெரியாது என்று விளங்கிவிட்டது என்கிறான். கோபித்துக்கொண்டு போன இடத்தில் அது விளங்கியிருக்க வேண்டும், திரும்பி வந்து வாசலில் நின்ற பிறகுதான் வாயில் வருகிறது.

இதே பாட்டில், நீ இல்லாமல் என்னால் 'ஆல்யார்' முடியாது என்று அவள் ஒருகாலத்தில் சொன்னதை நினைவூட்டுகிறான். 'ஆல்யார்' என்றால் பொதுவான ஸ்பானிஷில் கண்டெடுத்தல். பராகுவே, கொர்ரியெந்தெஸ் பேச்சில் 'மெ ஆல்யோ' (என்னைக் கண்டெடுக்கிறேன்) என்றால் இந்த இடத்தில் நன்றாக இருக்கிறேன், மனசு ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். 'நோ மெ ஆல்யோ', இருப்புக்கொள்ளவில்லை. குவாரானியில் இதற்கு 'அவுஆ', 'ந்தாவுஆய்'. வேலைக்காக நகரம் போன பெண் அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லும் சொல்லும் இதுதான். மாட்ரிட் அகராதியை வைத்துக்கொண்டு இந்தப் பாட்டை மொழிபெயர்ப்பவர்கள் இங்கே கட்டாயம் வழுக்குவார்கள். எந்தப் பாட்டிலும் இந்த வினை வந்தால், யாரோடு, எந்த இடத்தில் என்று இரண்டு கேள்வியையும் கேளுங்கள். பதில் இரண்டும் ஒன்றாக இருந்தால் அது காதல் பாட்டு. வேறுவேறாக இருந்தால் அங்கேதான் பாட்டு சுவாரசியமாகிறது.

ஒன்பதாம் படி: உங்கள் தமிழாக்கம்

ஒரு பாட்டை நீங்களே தமிழாக்கினால் ஒழிய மேலே சொன்னது எதுவும் கையில் தங்காது. வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கேட்பது மட்டும், வரிகளைப் பார்க்காமல். அடுத்து இரு நிற மை. மூன்றாவதாக 'கூஎ', 'ரா' வட்டங்கள். நான்காவதாக இடப்பெயர், இடச்சொல், 'வருகிறேன்', 'போகிறேன்' வினைகளுக்கு அடிக்கோடு. அதற்குப் பிறகே அகராதி. ஸ்பானிஷ் வழி மொழிபெயர்ப்பு கிடைத்தால் ஒத்துப்பாருங்கள், ஆனால் 'ஞாந்தெ', 'ஓரெ' இரண்டையும் மூலத்திலேயே சரிபாருங்கள்.

தமிழில் எழுதும்போது மெட்டுக்குள் அடக்கப் பார்க்காதீர்கள். முதல் பிரதி உரைநடையாகவே இருக்கட்டும். 'உள்ளம்', 'இதயம்', 'கண்ணீர்க் கடல்' என்று திரைப்பாட்டுச் சரக்கு தானாக வந்து உட்காரும், விரட்டுங்கள். ஒர்திஸ் கெர்ரேரோவின் குவாரானி பேச்சுக்கு வெகு பக்கத்தில் இருப்பது. அதற்கு நம் பேச்சுத்தமிழ் தாராளமாகப் போதும்.

கேட்பதற்குக் குரல்கள்: பழைய பாணிக்கு லூயிஸ் அல்பெர்தோ தெல் பரானாவும் அகுஸ்தீன் பர்போசாவும். பரானாவின் குழு ஐரோப்பிய மேடைகளுக்காகக் கொஞ்சம் மெருகேற்றியது, ஆனால் உச்சரிப்பு கண்ணாடிபோல் தெளிவு, தொடக்கத்துக்கு அதுவே நல்லது. குவாரானியை மையமாக வைத்துப் பாடியவர் ரிக்கார்தோ ஃப்ளேச்சா. பிற நாட்டு லத்தீன் அமெரிக்கப் பாடல்களைக்கூட குவாரானியாக்கிப் பாடியிருக்கிறார். இன்றைய ஒலிக்குப் 'புராஹேய் சோல்' என்ற இருவர் குழு. ஓரளவு பழகிய பிறகு எமிலியானோ ஆர். ஃபெர்னாந்தெஸின் பாடல்களுக்குப் போங்கள். 1894 முதல் 1949 வரை வாழ்ந்தவர், பொலிவியாவுடன் நடந்த சாக்கோ போரில் சிப்பாய், நாடோடி. காதலியரைப் பற்றியும் போரைப் பற்றியும் ஒரே குரலில் எழுதினார். அவருடைய ஜொபாராவில் மொழி வரிக்கு வரி அல்ல, சொல்லுக்குச் சொல் மாறும். இரண்டு மை போதாமல் போவது அங்கேதான்.